எத்தனை விரல்கடை மேலே போச்சு?

வாசகர் கேள்வி – பதில்

ஆட்டம், நடனம், வண்டி ஓட்டுதல், கை கால் பயிற்சி என்று எதைக் கற்றாலும் பக்கத்தில் நின்று ‘இது சரி, இது தப்பு’ என்று சொல்ல ஒருவர் இருப்பார். அவர் எப்போது சொல்ல வேண்டும், எவ்வளவு சொல்ல வேண்டும், என்ன வார்த்தையில் சொல்ல வேண்டும் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். உடற்கல்வி, இயன்முறை மருத்துவத் துறைகளைச் சேர்ந்தவர்கள் கூடிப் பேசி எழுதியது.

கேள்வி: பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு பேட்மின்டன் சொல்லிக்கொடுக்கிறேன். பக்கத்தில் நின்று ஒவ்வொரு சர்வீஸுக்கும் திருத்தம் சொன்னால் அழகாகப் போடுகிறார்கள். போட்டிக்குப் போனால் அதே பிள்ளைகள் நெட்டில் அடிக்கிறார்கள், இல்லையென்றால் உயரத் தூக்கிவிடுகிறார்கள். பதற்றம் என்று விட்டுவிடலாமா?
— ஒரு பயிற்சியாளர், நாமக்கல்

பதில்: பதற்றமும் இருக்கும். ஆனால் முழுக் காரணம் அது இல்லை. பயிற்சியில் அந்த சர்வீஸில் பாதியைப் பிள்ளை போடுகிறது, மீதியை நீங்கள் போடுகிறீர்கள். போட்டியில் உங்கள் பாதி காணாமல் போகிறது.

ஒரு சர்வீஸ் உயரமாகப் போனதும் ‘மணிக்கட்டைச் சுண்டாதே’ என்கிறீர்கள். அடுத்தது சரியாகிறது. இதில் பிள்ளை செய்யாமல் விட்ட வேலை ஒன்று உண்டு. கட்டைவிரல் பிடியை எவ்வளவு அழுத்தியது, ராக்கெட் முகம் எவ்வளவு மல்லாந்தது, தட்டுப்பட்ட நொடியில் கையில் என்ன தெரிந்தது என்று கவனித்து, ‘இது உயரம்’ எனத் தானே தீர்ப்புச் சொல்லும் வேலை. வெளியிலிருந்து உடனுக்குடன் விடை வந்துவிடுவதால் அந்தத் தீர்ப்பு உள்ளே உருவாவதே இல்லை. நடைவண்டி பிடித்த குழந்தை விறுவிறுவென்றுதான் போகும். வண்டியை எடுத்த பிறகு என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம்.

உடல் திறன்களைக் கற்பது பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை 1984இல் சால்மோனி, ஷ்மிட், வால்ட்டர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் மறுபடி புரட்டிப் பார்த்து இதைத்தான் கண்டார்கள். எப்படி வந்தது என்ற தகவலை முயற்சிக்கு முயற்சி சொன்னால் பயிற்சி நேர ஆட்டம் நிமிர்கிறது. தகவலை நிறுத்திவிட்டுச் சோதித்தால் அந்த நிமிர்வு நிற்பதில்லை. 1990இல் கரோலி வின்ஸ்டைனும் ரிச்சர்ட் ஷ்மிட்டும், ஒரு குழுவுக்கு எல்லா முயற்சிக்கும், இன்னொரு குழுவுக்குப் பாதி முயற்சிக்கு மட்டும், அதுவும் தொடக்கத்தில் அடிக்கடி சொல்லிப் போகப்போகக் குறைத்து, தகவல் தந்தார்கள். பயிற்சி நேரத்தில் இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு தகவல் எதுவும் தராமல் சோதித்தபோது குறைவாகக் கேட்ட குழு முந்தியது. அன்றைய ஆட்டம் வேறு, கற்றது வேறு. இதைப் பிரித்துப் பார்க்கப் பழகினாலே உங்கள் வேலையில் பாதி முடிந்துவிடும்.

இனி செய்ய வேண்டியது. முதலில் நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். சர்வீஸ் போடும் பிள்ளைக்கு அருகில் நின்றால் பிள்ளை பார்ப்பதையேதான் நீங்களும் பார்க்கிறீர்கள். பந்து எங்கே விழுந்தது, நெட்டில் பட்டதா என்பதெல்லாம் அதற்கே தெரியும். அதைத் திரும்பச் சொல்வது தகவல் ஆகாது. அதற்குத் தெரியாதது, பந்து நெட் நாடாவை எவ்வளவு உயரத்தில் தாண்டியது என்பது. நேர் பின்னாலிருந்து அது கண்ணுக்குப் பிடிபடாது. கம்பத்துக்கு அருகே நின்று நாடாவின் நீளவாக்கில் பார்த்தால் விரல்கடைக் கணக்கில், அதாவது விரல் அகலக் கணக்கில், தெரியும். அங்கே நில்லுங்கள்.

கம்பத்துக்குக் கம்பம், நாடாவிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு நூலைக் கட்டுங்கள். பிள்ளை சர்வீஸ் போட்டதும் மூன்று நான்கு நொடி ஒன்றும் பேசாதீர்கள். பிறகு கேளுங்கள்: “எத்தனை விரல்கடை மேலே போச்சு?” பிள்ளை “நாலு விரல்” என்று சொல்லட்டும். அதன் பிறகுதான் நீங்கள் “ஒரு சாண் இருந்துச்சு” என்று சொல்ல வேண்டும். இரண்டு எண்ணையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் குறியுங்கள். சர்வீஸ் சரியாவதற்கு முன்பே இந்த இரண்டு எண்ணும் ஒன்றையொன்று நெருங்கத் தொடங்கும். அப்போதே தைரியமாக இருக்கலாம். பிள்ளைக்குள் அளவுகோல் முளைத்துவிட்டது. இயக்கம் முடிந்த அதே நொடியில் தகவல் சொல்வது கற்றலைக் கெடுக்கிறது என்பதையும், முதலில் தன் பிழையைத் தானே மதிப்பிடச் சொல்வது உதவுகிறது என்பதையும் ஸ்வின்னென் குழுவினர் 1990இல் காட்டியிருக்கிறார்கள்.

எண்ணிக்கைக்கு நாங்கள் சொல்வது இது: நாளுக்கு 32 சர்வீஸ், எட்டெட்டாக நான்கு சுற்று. முதல் வாரம் இரண்டுக்கு ஒரு முறை பேசுங்கள். இரண்டாம் வாரம் நான்குக்கு ஒரு முறை. மூன்றாம் வாரம் எட்டு முடிந்ததும் ஒரே ஒரு முறை. அதோடு ஓர் எல்லையும் வையுங்கள்: நாடாவுக்கும் நூலுக்கும் நடுவே போனால் வாயைத் திறக்கப் போவதில்லை, மௌனம் என்றால் ‘சரி’ என்று பொருள். இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் உங்கள் மௌனத்தைக் கோபம் என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டு விரல் வித்தியாசத்தையெல்லாம் திருத்தப் போனால் பிள்ளை ஒவ்வொரு சர்வீஸையும் கொஞ்சம் மாற்றிப் போடும். யார் கையும் இரண்டு தடவை அச்சு அசலாக ஒன்றுபோல் அசைவதில்லை. அந்த இயல்பான தடுமாற்றத்தைப் பிழை என்று நினைத்து மாற்ற மாற்றத்தான் கை நிலையில்லாமல் போகிறது.

சோதனை மறுநாள். வந்தவுடன், ஒரு வார்த்தை பேசும் முன், பத்து சர்வீஸ். எத்தனை நூலுக்குள் போயின என்று குறியுங்கள். பிள்ளை கற்றதன் அளவு அந்த எண்தான். முந்தைய நாள் பயிற்சியின் கடைசிச் சுற்றில் எடுத்த எண் அல்ல.

இந்த முறை சறுக்கும் இடங்களும் உண்டு. வாய் பேசாவிட்டாலும் முகம் பேசிவிடும். ‘ச்சு’ கொட்டுவது, தலையாட்டுவது, புருவத்தை ஏற்றுவது எல்லாமே தகவல்தான். பிள்ளைகள் பந்தைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். அடுத்தது, பேச்சைக் குறைக்கச் சொன்னார்கள் என்று முதல் நாளே ஊமையாகிவிடக் கூடாது. புதிதாகக் கற்பவருக்கும், உடல் முழுதும் இயங்க வேண்டிய சிக்கலான திறனுக்கும் தொடக்கத்தில் அடிக்கடி சொல்லத்தான் வேண்டும். பனிச்சறுக்கு இயந்திரத்தில் 1998இல் வுல்ஃப், ஷே, மட்ஷினர் செய்த ஆய்வில் அடிக்கடி தகவல் பெற்றவர்களே நன்றாகக் கற்றார்கள். எல்லாத் திறனுக்கும் பொதுவாக ‘இத்தனை சதவீதம்’ என்று ஒரு கணக்கு இல்லை.

கடைசியாக ஒன்று, இது சர்வீஸ் பற்றியே. சிறு பிள்ளைகள் தொடை உயரத்தில் பந்தைத் தட்டுவார்கள். நெட்டின் நடுப்பகுதி 1.524 மீட்டர் உயரம். தொடையிலிருந்து அதைத் தாண்ட வேண்டுமானால் தூக்கித்தான் ஆக வேண்டும். சர்வதேசப் போட்டிகளில் 2018 முதல் உள்ள விதிப்படி, தட்டும் நேரத்தில் பந்து தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருந்தால் போதும். நீங்கள் ஆடும் போட்டியில் எந்த விதி உள்ளதோ அது அனுமதிக்கும் உச்ச உயரத்துக்குச் சற்றுக் கீழே தட்டச் சொல்லுங்கள். உயரப் பிரச்சினையில் ஒரு பகுதி அதிலேயே தீரும். பந்து தன் உச்சியை நெட்டுக்கு இந்தப் பக்கமே எட்டிவிட்டு, தாண்டும்போது இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். கம்பத்தருகே நின்றால் இதுவும் தெரியும்.

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது, கிரிக்கெட் பயிற்சிக்குப் போகிறான், பந்துவீச்சாளர். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் அப்பா அன்றைக்கு எங்கெங்கே தப்பு விட்டான் என்று சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டுகிறார். நல்லதற்குத்தான் சொல்கிறார். ஆனால் இரண்டு வாரமாகப் பயிற்சிக்கே போக மாட்டேன் என்கிறான். இனி பாராட்டு மட்டும் சொன்னால் போதுமா?
— ஒரு தாய், ஈரோடு

பதில்: அம்மா, உங்கள் கணவர் சொல்வது அத்தனையும் சரியாகவே இருக்கலாம். நேரம்தான் தப்பு. ஒரு திருத்தம் காதில் விழுந்ததும் அதைச் செய்து பார்க்க அடுத்த பந்து கையில் இருக்க வேண்டும். வண்டியின் பின் இருக்கையில் பந்து இல்லை. செய்து பார்க்க வழியில்லாத திருத்தம் பிள்ளையின் மனதில் ‘நான் சரியில்லை’ என்ற ஒன்றாக மட்டுமே தங்கும்.

குளுகர், டெனிசி என்ற இருவர் 1996இல், செயல்திறன் பற்றிக் கருத்துச் சொல்வதன் விளைவை அளந்த ஆய்வுகளைத் திரட்டி 607 விளைவுகளைக் கணக்கிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் நன்மைதான். ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவற்றில் கருத்துச் சொன்ன பிறகு செயல் முன்னைவிட மோசமானது. கவனம் வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ என்பதன் மேல் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். “பந்து லெக் சைடில் விழுந்தது” என்றால் கவனம் பந்தின் மேல் இருக்கிறது. “உனக்கு எத்தனை தடவை சொல்றது” என்றால் பந்து மறைந்துபோய் பிள்ளை மட்டும் நிற்கிறான்.

பாராட்டு மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெறும் ‘சூப்பர்’ போதாது, அதில் பிள்ளை பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. நல்ல முயற்சியைப் பற்றிய தகவல் வேண்டும். பிரேசிலைச் சேர்ந்த சுசெச்சி சிவியாகோவ்ஸ்கியும் காபிரியேல் வுல்ஃபும் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எளிமையானது. பார்வையை மறைத்துக்கொண்டு சிறு மூட்டையை இலக்கில் எறிய வேண்டும். ஆறு எறிதலுக்குப் பிறகு ஒரு குழுவுக்கு மிகச் சிறந்த மூன்றின் விவரம், இன்னொரு குழுவுக்கு மிக மோசமான மூன்றின் விவரம். மறுநாள் எந்தத் தகவலும் இல்லாமல் எறிந்தபோது, தன் நல்ல எறிதல்களைக் கேட்ட குழுவே இலக்கை நெருங்கியது. பிழையைச் சொன்னால்தான் திருந்தும் என்ற நம் பழைய நம்பிக்கைக்கு இது நேர் எதிர். ‘என்னால் முடிகிறது’ என்ற உணர்வு வெறும் மனமகிழ்ச்சியோடு நிற்பதில்லை, கற்பதற்கே அது வேண்டியிருக்கிறது.

வீட்டில் செய்யக் கூடியது: பந்து விழ வேண்டிய இடத்தில் ஒரு துண்டை விரியுங்கள். ஆறு பந்து. எண்ணுவது பையன், அப்பா இல்லை. ஆறு முடிந்ததும் அப்பா கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: “நாலாவது பந்து துண்டு மேலயே விழுந்துச்சே, அப்ப என்ன பண்ணினே?” பையன் யோசித்து எதையாவது சொல்வான். பந்தைக் கொஞ்சம் தாமதமாக விட்டேன் என்பான், இல்லை ஓட்டத்தை மெதுவாக வைத்தேன் என்பான். அதுவே அடுத்த ஆறுக்கான திருத்தம். பயிற்சியாளர் சொல்லியிருக்கும் குறை ஒன்று இருந்தால் அதையும் சொல்லலாம், தடையில்லை. ஒரு நாளைக்கு ஒன்று, அடுத்த பந்துக்கு முன்னால்.

பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட வேண்டாம். ‘நீ எல்லாரையும் விட நல்லா போடுறே’ என்று பொய்யாக ஏற்றிவிடவும் வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் அப்படிச் சொல்லி, கற்றல் கூடியதை 2010இல் லூத்வெயிட்டும் வுல்ஃபும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஆய்வுக்கூடத்துப் பொய் ஓரிரு நாளில் முடிந்துவிடும். உங்கள் வீட்டில் அது முதல் போட்டியின் ஸ்கோர் பலகை வரைக்கும்தான் தாங்கும். போன வாரத்து அவனோடு இந்த வாரத்து அவனை ஒப்பிடுங்கள், துண்டுக் கணக்கு கையில் இருக்கிறதே.

வண்டியில் வரும்போது பசிக்கிறதா என்று கேட்டால் போதும்.

கேள்வி: பரதநாட்டியம் கற்பிக்கிறேன். வகுப்பில் சுவர் அகலத்துக்குக் கண்ணாடி. அதைப் பார்த்து ஆடும்போது அரைமண்டி (முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலை) சரியாக இருக்கிறது. மேடையில் இரண்டாம் உருப்படிக்குள் எல்லாரும் நிமிர்ந்துவிடுகிறார்கள். கண்ணாடியை எடுத்துவிடலாமா?
— ஒரு நடன ஆசிரியை, கும்பகோணம்

பதில்: எடுக்க வேண்டாம், ஒரு திரை போடுங்கள். இயக்கம் நடந்துகொண்டிருக்கும்போதே வரும் தகவல்தான் எல்லாவற்றிலும் வேகமாகத் திருத்துவது, எடுத்ததும் வேகமாகக் கரைவதும் அதுவே. கண்ணாடி இருக்கும்வரை முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதைக் கண் சொல்லிவிடுகிறது. தொடையும் இடுப்பும் சொல்வதைக் கேட்க அந்தப் பெண்ணுக்கு அவசியம் வரவில்லை. மேடையில் கண்ணாடி இருக்கும் இடத்தில் இருட்டும் முகங்களும்தான். இன்னொரு கெடுதலும் உண்டு: கை போகும் இடத்தில் பார்வை போக வேண்டிய கலையில், பார்வை தன் பிம்பத்தில் ஒட்டிக்கொள்கிறது. பக்கவாட்டில் போக வேண்டிய கழுத்து பாதியில் நின்றுவிடும்.

புது அடவு என்றால் முதல் இரண்டு மூன்று முறை கண்ணாடி இருக்கட்டும். வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். பிறகு கண்ணாடிக்கு முதுகு காட்டி ஆடட்டும். தட்டடவு ஒன்றை மூன்று காலத்திலும் (மூன்று வேகத்திலும்) முடித்ததும் “அப்படியே நில்லுங்க” என்று சொல்லுங்கள். யாரும் அசையக் கூடாது. “உக்காந்த அளவு குறைஞ்சிருக்கா?” பதில் சொன்ன பிறகு திரும்பிக் கண்ணாடியில் பார்க்கட்டும். இந்த வரிசை முக்கியம்: ஆடுவது, உறைவது, சொல்வது, பார்ப்பது. பார்த்த பிறகு சொல்லச் சொன்னால் பயனில்லை.

நிமிர்ந்துவிடுவதற்குக் கவனக் குறைவு மட்டும் காரணமில்லை, தொடைத் தசை களைத்துப் போவதும் காரணம். களைத்த தசையிடம் “உக்காரு, உக்காரு” என்று கத்தினால் பிள்ளைக்குத் தோன்றுவது இயலாமைதான். நான்கு நிமிடம் தொடர்ந்து ஆட வைப்பதைவிட ஒரு நிமிடம் ஆழமாக ஆடி, அரை நிமிடம் நின்று, மறுபடி ஆட வைத்து, வாரா வாரம் அந்த ஒரு நிமிடத்தை நீட்டிக்கொண்டு போங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். நீங்கள் தாளம் தட்டும் தட்டுக்கழியும் ஒரு கண்ணாடிதான், காதுக்கான கண்ணாடி. நடுவில் இரண்டு ஆவர்த்தனம் (இரண்டு தாளச் சுற்று) தட்டாமல் விட்டு, மறுபடி எடுத்துப் பாருங்கள். காலம் யார் காலில் இருக்கிறது, யார் காதில் மட்டும் இருக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.

கேள்வி: பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். வாலிபால் சர்வீஸுக்கு ‘முழங்கையை உயர்த்து, மணிக்கட்டை மடக்கு, எடையை முன் காலுக்கு மாற்று’ என்று தெளிவாகச் சொல்கிறேன். சொல்லச் சொல்ல விறைத்துப்போகிறார்கள். ஏன்?
— திருநெல்வேலி

பதில்: உடம்பின் உறுப்பைச் சொல்வதால். தன் முழங்கையைத் தானே கண்காணித்துக்கொண்டு அடிக்கும் பிள்ளை, தானாக ஓட வேண்டிய இயக்கத்தைக் கையால் பிடித்து ஓட்டப் பார்க்கிறது. அதே திருத்தத்தைப் பந்தின் மேலோ நெட்டின் மேலோ ஏற்றிச் சொல்லுங்கள். ‘மணிக்கட்டை மடக்கு’ என்பதற்கு ‘பந்தின் உச்சந்தலையில் உள்ளங்கை படட்டும்’. ‘எடையை மாற்று’ என்பதற்கு ‘நெட்டைப் பார்த்துப் பாய்’. 2002இல் வுல்ஃபும் மற்றவர்களும் வாலிபால் சர்வீஸிலேயே இதைச் சோதித்தார்கள். திருத்தத்தின் உள்ளடக்கம் ஒன்றுதான், சொற்கள் மட்டும் வேறு. உடம்பைவிட்டுப் பந்தின் பக்கம் கவனத்தைத் திருப்பிய சொற்கள் புதியவர்களுக்கும் உதவின, ஆடிப் பழகியவர்களுக்கும் உதவின. அதே கட்டுரையில் கால்பந்து உதை பற்றிய பகுதி இன்னும் சுவையானது: உடலைப் பற்றிய திருத்தத்தை ஒவ்வொரு முறையும் சொன்னதைவிட மூன்றில் ஒரு முறை சொன்னது மேல், வெளியே கவனத்தைத் திருப்பும் திருத்தத்தை அடிக்கடி சொன்னாலும் கெடுதல் இல்லை. முதல் கேள்வி கேட்ட நாமக்கல் பயிற்சியாளரும் இதைக் குறித்துக்கொள்ளலாம். நெட் நாடாவுக்கு மேலே எத்தனை விரல்கடை என்று கேட்பது அடிக்கடி கேட்டாலும் தாங்கக் கூடிய கேள்வி.

மூன்று திருத்தத்தை ஒரே மூச்சில் சொல்வதை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள். ஒன்று போதும்.

கேள்வி: 41 வயதில் ஸ்கூட்டர் கற்கிறேன். பின்னால் உட்கார்ந்து கணவர் நொடிக்கு நொடி ‘பிரேக், பிரேக், லெஃப்ட், பயப்படாதே’ என்கிறார். எட்டு போடும்போது மட்டும் கால் ஊன்றிவிடுகிறேன்.
— ஒரு வாசகி, மதுரை

பதில்: கணவரை முதலில் இறக்கிவிடுங்கள். அவர் எடை பின்னால் இருக்கும்வரை நீங்கள் கற்பது இருவர் ஏறிய வண்டியின் சமநிலை, தேர்வில் நீங்கள் தனியாக ஓட்டப் போகிறீர்கள். அவர் மைதானத்தின் ஓரத்தில் நிற்கட்டும். ஓர் எட்டு முழுதாக முடிந்து வண்டி நின்ற பிறகுதான் பேச வேண்டும், அதுவும் நீங்கள் கேட்டால். ‘பயப்படாதே’ என்ற சொல்லில் செய்வதற்கு ஏதும் இல்லை. அது பயத்தைத்தான் நினைவூட்டும்.

எட்டில் கால் ஊன்றுவதற்குப் பெரும்பாலும் காரணம் பார்வை. முன் சக்கரத்தைப் பார்த்தால் வண்டி அங்கேயே விழப் பார்க்கும். வளைவுக்குள் நுழையும்போதே தலையைத் திருப்பி வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் லேசாகப் பிடித்து, வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் கட்டுப்படுத்துங்கள். முன் பிரேக்கைத் தொட்டால் ஹேண்டில் மடங்கியிருக்கும் நேரத்தில் வண்டி சாயும். முதலில் பெரிய எட்டு, பத்து முறை கால் படாமல் வந்த பிறகு சிறியது. கால் பட்ட இடத்தில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தால், புள்ளிகள் எங்கே குவிகின்றன என்று தரையே சொல்லிவிடும்.

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்கு வலது கை மெதுவாக அசைகிறது. வீட்டில் செய்ய இயன்முறை மருத்துவர் பயிற்சி கொடுத்திருக்கிறார். ‘இன்னும் தூக்கும்மா, இன்னும் தூக்கு’ என்று ஊக்கப்படுத்துகிறோம். அம்மா அழுதுவிடுகிறார்.
— ஒரு மகன், தஞ்சாவூர்

பதில்: அம்மா இத்தனை வருடம் அந்தக் கையைப் பார்க்காமலே எல்லாம் செய்தவர். இப்போது எல்லாக் கண்களும் அந்தக் கையையே பார்க்கின்றன. ‘இன்னும்’ என்ற சொல் ஒவ்வொரு முறையும் போதவில்லை என்றுதான் அவர் காதில் விழுகிறது.

பயிற்சியை மாற்றாதீர்கள், அதை மருத்துவர்தான் மாற்ற வேண்டும். சொல்லும் முறையை மட்டும் மாற்றுங்கள். கையைத் தூக்கச் சொல்வதற்குப் பதில் தூக்க ஒரு பொருள் கொடுங்கள். மேசையில் ஒரு சிறிய காலி டம்ளர், ஒரு சாண் தள்ளி ஒரு வட்டம் வரைந்த காகிதம். டம்ளரை வட்டத்துக்குள் வைப்பதுதான் வேலை. பத்து முறை, நடுவில் ஓய்வு. வட்டத்துக்குள் வந்ததா என்று அம்மாவுக்கே தெரியும், நீங்கள் அறிவிக்க வேண்டியதில்லை. தோளை மேலே தூக்கியோ உடம்பை முன்னால் சாய்த்தோ டம்ளரை நகர்த்துகிறாரா என்பதுதான் அவருக்குத் தெரியாதது. அதைப் பத்தும் முடிந்த பிறகு ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். பேச்சும் பாதிக்கப்பட்டிருந்தால் வாக்கியம் இன்னும் சிறிதாக இருக்கட்டும், பதிலுக்குக் காத்திருங்கள்.

காகிதத்தில் தேதி போட்டு, பத்தில் எத்தனை என்று அம்மாவின் கண்ணெதிரே எழுதிவையுங்கள். ஒரு நாள் கணக்குக் குறைந்தால் சுட்டிக்காட்ட வேண்டாம். தூக்கம் குறைந்த நாளும் களைத்த நாளும் அப்படித்தான் இருக்கும். இரண்டு வாரத்துக்கு முந்தைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். எந்தப் பொருளை வைத்து, எந்த நேரத்தில் செய்வது என்று அம்மாவே முடிவு செய்யட்டும்: டம்ளரா, எலுமிச்சம்பழமா, காபிக்கு முன்னாலா பின்னாலா. தோள் வலித்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். உதவுகிறேன் என்று அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது.

கேள்வி: கருத்து எப்போது வேண்டும் என்று மாணவரே தீர்மானித்தால் கற்றல் கூடும் என்று படித்தேன். உண்மையா?
— ஓர் ஆசிரியர், கோயம்புத்தூர்

பதில்: இருபது ஆண்டுக்கும் மேலாக அப்படித்தான் எழுதிவந்தார்கள். 2022இல் மெக்கே குழுவினர் அந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோது, சாதகமான முடிவுகளே அச்சேறியிருக்கின்றன என்பதும், அதைச் சரிசெய்து பார்த்தால் மிஞ்சும் பலன் மிகச் சிறிது என்பதும் தெரிந்தது. ஆகவே கற்றல் இத்தனை மடங்கு கூடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் மாணவரைக் கேட்கவிடுவதை நாங்கள் கைவிடவில்லை. கேட்கும் பிள்ளை எப்போது கேட்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நன்றாக வந்தது என்று அதற்கே தோன்றிய முயற்சிக்குப் பிறகுதான் கேட்கும். 2002இல் சிவியாகோவ்ஸ்கியும் வுல்ஃபும் கவனித்ததும் இதையே. மோசமாக வந்தது என்று நீங்கள் நினைக்கும் முயற்சிக்குப் பிறகு அது ஆவலோடு உங்களைப் பார்த்தால், அதன் அளவுகோல் எங்கே பிசகியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: முதலுதவிப் பயிற்சியில் நெஞ்சை அழுத்தும் பொம்மைக்கு விளக்கு வைத்த புது மாதிரி வந்திருக்கிறது. சரியாக அழுத்தினால் பச்சை எரியும். இதில் பழகுவது நல்லதா?
— ஒரு செவிலியர், சென்னை

பதில்: நல்லது. வயது வந்தவருக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். 5 சென்டிமீட்டர் என்பது கைக்கு எப்படி இருக்கும் என்பதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. புதியவர்கள் பெரும்பாலும் பயந்து மேலோட்டமாக அழுத்துவார்கள். ஆகவே முதல் சுற்று, இரண்டு நிமிடம், விளக்கோடு. இரண்டாம் சுற்றில் விளக்கின் மேல் ஒரு துணியைப் போடுங்கள். முடிந்ததும், ஆழம் போதுமா, வேகம் எப்படி, ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விட்டாரா என்று அழுத்தியவரே சொல்லட்டும், பிறகு கருவியின் பதிவைக் காட்டுங்கள். மூன்றாவது மறுபடி விளக்கோடு, நான்காவது துணியோடு. களைப்பு ஏற ஏற ஆழம் குறைவது அழுத்துபவருக்கே தெரியாது என்பதால், துணி போட்ட சுற்றுகளில் கடைசி அரை நிமிடத்தின் பதிவைத் தனியாக எடுத்துக் காட்டுங்கள்.